வானில் சூடிய பூ

தொல்காப்பியப் புறத்திணையியலை நடத்திக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் அந்த ஓசை வந்தது. தருமபுரியில் வாழ்வோர்க்கு அது புதிதன்று. முதலில் மேற்கூரையின் மேல் யாரோ பீப்பாயை உருட்டுவது போலொரு அதிர்வு. பிறகு வானம் முழுவதையும் கிழிப்பது போன்ற இரைச்சல். மாணவர்கள் சன்னலுக்கு ஓடினார்கள். வெட்சியும் கரந்தையும் பலகையில் அப்படியே நின்றன. நாமும் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய் நின்றோம். ஓசை வந்த திசையில் ஒன்றுமில்லை. "ஐயா, சத்தம் இங்க இருக்குது, பிளேன் அங்க போயிடுச்சு" என்று ஒரு மாணவர் தெற்கே கைகாட்டினார். வெள்ளரி விதையளவு கறுப்புப் புள்ளியொன்று மேகத்துக்குள் நுழைந்து மறைந்தது.

அடுத்த ஐந்து நிமிடம் வகுப்பு நம் கையில் இல்லை. ஒருவர் 'தேஜஸ்' என்றார். இன்னொருவர், முக்கோணச் சிறகு இருந்ததால் 'ரஃபேல்' என்றார். பென்னாகரத்திலிருந்து வரும் மாணவரோ, அத்தனை சத்தம் போடுவது 'சுகோய்' ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னார். ஒருவர் கைப்பேசியில் ஃப்ளைட்ராடார்24 செயலியைத் திறந்தார். சென்னைக்கும் பெங்களூருக்கும் கொச்சிக்கும் போய்க்கொண்டிருந்த பயணிகள் விமானங்கள் எல்லாம் மஞ்சள் மஞ்சளாய் ஊர்ந்தன. நம் தலைக்கு மேல் மட்டும் வெற்றிடம். போர் விமானங்கள் பெரும்பாலும் தம் இருப்பை அப்படி ஊரறிய ஒலிபரப்பிக்கொண்டு பறப்பதில்லை. மூவரில் யார் சொன்னது சரி என்பதை இறுதிவரை எவராலும் நிறுவ முடியவில்லை. மூவருக்கும் தம் கண் மீதிருந்த நம்பிக்கை மட்டும் சற்றும் குறையவில்லை.

அந்த நம்பிக்கைதான் நம்மை இக்கட்டுரைக்குக் கொண்டுவந்தது.

தருமபுரி வானம் ஏன் இப்படி இரைகிறது என்பதற்கு நிலவியலே விடை. வடக்கே வான்வழியில் சுமார் 110 கிலோமீட்டரில் பெங்களூர். 1940இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. எலகங்காவின் விமானப்படைத் தளமும், புதிய விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் படைப்பிரிவும் அங்கேயே. தென்மேற்கே சூலூர், 2018இல் தேஜஸ் விமானங்களின் முதல் அணியான 45ஆம் அணி அங்கே வந்தது, 2020 மே மாதத்தில் 18ஆம் அணி தேஜஸுடன் அங்கே மறுபிறப்பு எடுத்தது. தென்கிழக்கே தஞ்சாவூர், 2020 சனவரியில் அங்கே 222ஆம் அணி சுகோய்-30 விமானங்களோடு நிலைகொண்டது. இம்மூன்றுக்கும் இடைப்பட்ட வானம் நம்முடையது.

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, பெங்களூர் வானில் 'மாருத்' பறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. செருமானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் உருவாக்கிய அவ்விமானத்தை 1961 சூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் முதன்முறை ஓட்டினார். 1970 சனவரியில் அதே விமானத்தின் வேறொரு வடிவைச் சோதிக்கையில் பெங்களூரிலேயே உயிரிழந்தார். பின்னர் கிரண், அஜீத், ஜாகுவார், 2001 சனவரி 4 முதல் இன்று தேஜஸ் எனப்படும் இலகுரகப் போர் விமானம் என ஒரு தலைமுறைக்கு இரண்டு மூன்று புது உருவங்கள் அங்கே பிறந்து பறந்தன. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து முதியவர் ஒருவரிடம் இதைப்பற்றிப் பேசியபோது, "அந்தக் காலத்துப் பிளேன் விசில் அடிக்கும் சார், இப்போதுது இடிக்குது" என்று அறுபதாண்டு வரலாற்றை ஒரே வரியில் முடித்துவிட்டார். பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு நேர்ந்ததுமில்லை.

பார்த்தவுடன் இன்ன விமானம் என்று சொல்வது ஏன் இத்தனை கடினம்? கணக்கைப் போட்டால் வியப்பே மிஞ்சுவதில்லை. தேஜஸின் நீளம் சுமார் 13 மீட்டர். அது 5 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால், நம் கண்ணுக்கு முழுநிலவின் விட்டத்தில் மூன்றிலொரு பங்குகூட இராது. கூரிய பார்வை உடையவரும் அத்தொலைவில் ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த எதையும் பிரித்துக் காண இயலாது. அப்படியானால் வாலில் எழுதிய எண் போயிற்று. உடலில் வரைந்த நாட்டு முத்திரை போயிற்று. மூக்கின் வளைவு போயிற்று. எஞ்சுவது ஒரு நிழலுரு. அதிலும் பின்னால் ஒளிமிக்க வானம் இருப்பதால் வெள்ளை விமானமும் கறுப்பாகவே தோன்றும்.

காது இன்னும் மோசமாக ஏமாற்றும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 250 மீட்டர். 5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஓசை நம்மை வந்தடைய ஏறத்தாழ 15 நொடி ஆகும். அதற்குள் விமானம் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டிருக்கும். நம் மாணவர் கண்டுபிடித்தது இதைத்தான்: காது காட்டும் இடத்தில் கண்ணுக்கு வேலையில்லை. 2020 மே 20 அன்று, ஊரடங்கின் அமைதியில் பெங்களூர் நகரமே ஒரு பேரொலியைக் கேட்டு நிலநடுக்கமோ என்று வீதிக்கு வந்தது. நகருக்கு வெகுதொலைவில், 36,000 அடிக்கும் மேல், ஒலிவேகத்தைக் கடந்து சென்ற விமானம் வேகத்தைக் குறைக்கையில் எழுந்த அதிர்வொலி அது என்று பாதுகாப்பு அமைச்சகம் பின்னர் விளக்கிற்று. 65 முதல் 80 கிலோமீட்டர் வரை அவ்வொலி கேட்கும் என்றும் அவ்விளக்கம் சொன்னது. ஒலி கேட்டவர்களில் விமானத்தைக் கண்டவர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்?

வேறொரு மயக்கமும் உண்டு. நிழலுருவாக மட்டும் தெரியும் ஒரு பொருள் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைக் கண் சில வேளைகளில் தலைகீழாக எடுத்துக்கொள்ளும். போர்க்கலை இதைத் தெரிந்தே பயன்படுத்தியிருக்கிறது. கனடாவின் சிஎஃப்-18 விமானங்களின் அடிவயிற்றில், விமானி அமரும் கண்ணாடிக் கூண்டைப் போலவே கறுப்பாக ஒரு பொய்க்கூண்டு தீட்டப்பட்டிருந்தது. எதிரே வருபவனுக்கு அது மேல்பக்கம் காட்டித் திரும்புகிறதா, கீழ்ப்பக்கம் காட்டித் திரும்புகிறதா என்பது ஒரு நொடி குழம்பினால் போதும். வான்போரில் ஒரு நொடி என்பது 250 மீட்டர்.

இதையெல்லாம் மீறிக் கற்றுத்தேர முடியாதா என்றால், முடியும் என்று ஒரு முழு உலகப் போரே நம்பிற்று. இறக்கை, எஞ்சின், உடல், வால் என்ற நான்கை அந்த வரிசையிலேயே பார்க்கவேண்டும் என்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் படைவீரர்க்குப் பாடம் நடத்தினார்கள். சீட்டுக்கட்டுகளில் எதிரி விமானங்களின் நிழலுருவங்களை அச்சிட்டார்கள். 1942இல் அமெரிக்கக் கடற்படை, பயிற்சிக்கென ஐந்து லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டது. பிரிட்டனிலோ நூற்றுக்கணக்கான கூர்நோக்குச் சாவடிகளில் கடைக்காரரும் ஆசிரியரும் முறைவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை ஏற்பாட்டுக்கும் ஓர் அவலக் காரணம் இருந்தது. போர் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாளே, 1939 செப்டம்பர் 6 அன்று, பிரிட்டனின் 74ஆம் அணியைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் விமானங்கள் அதே பிரிட்டனின் 56ஆம் அணியைச் சேர்ந்த ஹரிகேன் விமானங்கள் இரண்டைப் பகை என்றெண்ணிச் சுட்டு வீழ்த்தின. மாண்டேக் ஹல்டன்-ஹாரப் என்ற இளம் விமானி இறந்தார். அன்று பகை விமானம் ஒன்றுகூட அந்த வானில் இல்லை.

இங்கே வகுப்பறைப் பலகைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. போருக்குப் போகும் மறவன் ஏன் பூச் சூடுகிறான்? அழகுக்கு என்றும், மரபுக்கு என்றும் நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். தொல்காப்பியர் புறத்திணையியலில் வேறு காரணம் தருகிறார். பெரும்படைகள் கைகலக்கும் இடத்தில் இன்ன வேந்தனுடைய படை இது என்று தெரிந்தாக வேண்டும்; அதற்காகவே பனையும் வேம்பும் ஆத்தியும் சூடப்பட்டன என்பது அவர் சொல்லும் பயன். சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ, சோழனுக்கு ஆத்தி. பள்ளியில் இதை நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். தூசியும் குருதியும் கலந்த களத்தில், ஓங்கிய வாளைத் தாழ்த்துவதா வீசுவதா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டியவனுக்காகச் செய்த ஏற்பாடு இது என்று எந்த ஆசிரியரும் நமக்குச் சொன்னதாக நினைவில்லை. நாமும் நம் மாணவர்க்கு அந்நாள்வரை சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் படைகள் இதே பூவைத்தான் வேறு வடிவில் சூடின. 1942இல் பசிபிக்கிலும் தென்கிழக்காசியாவிலும் சப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமலிருக்க, அமெரிக்கர் தம் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை அழித்தார்கள்; இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்ட முத்திரையிலிருந்தும் நடுச்சிவப்பு நீங்கியது. 1944 சூனில் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன் நேச நாட்டு விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு எனப் பட்டைகள் தீட்டப்பட்டன. தும்பைப் போருக்குத் தும்பை சூடுவதிலிருந்து இது எவ்வகையில் வேறு?

பூ ஒன்றாகவே இருந்துவிட்டால்? சங்கப் புலவர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் முற்றுகையிட்டு நிற்கையில், இருவர் கழுத்திலும் இருப்பது ஆத்திமாலைதானே என்று கோவூர்கிழார் இடித்துரைத்தது புறநானூற்றின் 45ஆம் பாடல். நம் மாவட்டத்துக்கு இன்னும் நெருங்கிய சான்று உண்டு. தகடூர் என்பதே தருமபுரியின் பழம்பெயர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மாலை பனம்பூமாலை என்று ஔவையார் பாடியிருக்கிறார். தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையோ சேரன், அவனுக்கும் பனைதான். அரிசில்கிழார் பாடிய பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவனுடைய வெற்றியைப் பேசுகிறது. ஆக இதே மண்ணில் நடந்த அப்பெரும்போரில் கோட்டைக்கு உள்ளே இருந்தவனும் வெளியே நின்றவனும் சூடியது ஒரே பூ. அதியர் சேரரின் கிளையா, அன்றேல் சேரர்க்கு அடங்கியிருந்த குடியா என்று அறிஞர்கள் வழக்காடலாம். களத்தில் வேல் பிடித்து நின்ற எளிய வீரன் எதை வைத்துத் தன்னவனை அறிந்தான் என்பதே நமக்கு முதலில் எழும் கேள்வி.

வானிலும் ஒரே பூச் சூடிய பகைவர் உண்டு. இந்தியா 1963 முதல் மிக்-21 விமானங்களை வைத்திருந்தது. 2025 செப்டம்பரில்தான் அவை விடைபெற்றன. அதே மிக்-21ஐப் பார்த்துச் சீனா செய்த விமானம் எஃப்-7 என்ற பெயரில் 1980களின் இறுதியில் பாகிஸ்தானுக்குப் போனது. கீழே நின்று பார்ப்பவனுக்கும் எதிரே பறப்பவனுக்கும் இரண்டும் ஒன்றே: மூக்கில் கூம்பு, நடுவில் சிறு முக்கோணச் சிறகு, பின்னே ஒற்றை வால். பாகிஸ்தானின் மிராஜ்-3, மிராஜ்-5 விமானங்களுக்கும் இந்தியாவின் மிராஜ்-2000க்கும் தாய்வீடு ஒன்று. ஆத்தியை ஆத்தி எதிர்கொள்ளும் நிலை.

கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்பது இதற்குக் கண்ட தீர்வு. தரையிலிருந்தோ வானிலிருந்தோ ஒரு கேள்விக் குறிப்பை அனுப்பினால், நட்பு விமானத்திலிருக்கும் பெட்டி உரிய விடையைத் திருப்பி அனுப்பும். விடை வராவிட்டால் ஐயத்துக்குரியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இது வந்துவிட்டது. விடை வராததற்குப் பகை மட்டுந்தான் காரணமா? 2019 பிப்ரவரி 27 காலையில், எல்லையில் இரு நாட்டு விமானங்களும் மோதிக்கொண்டிருந்த வேளையில், சிறிநகர் அருகே பட்காமில் இந்திய விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் ஒன்று வீழ்ந்தது. வீழ்த்தியது நம் நாட்டு ஏவுகணையே. விமானப்படையினர் அறுவரும் தரையிலிருந்த ஒரு குடிமகனும் மாண்டனர். அது பெரும் தவறு என்று அப்போதைய விமானப்படைத் தளபதி பதௌரியா அதே ஆண்டு அக்டோபரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த ஹெலிகாப்டரின் விடைசொல்லும் பெட்டி அணைக்கப்பட்டிருந்தது. நம் நினைவில் அந்த நாள் அபிநந்தன் வர்த்தமானின் நாளாகவே பதிந்திருக்கிறது. பட்காமை நினைப்பவர் மிகச் சிலர்.

1965 செப்டம்பர் முதல் நாள் சம்பு களத்தில், அந்தி நேரத்தில் விரைந்து அனுப்பப்பட்ட இந்திய விமானங்களில் சில இந்தியத் தரைப்படையின் நிலைகளையே தாக்கியதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் எல்லா டாங்கியும் புழுதியோடு நகரும் ஒரு பெட்டிதான்.

நம்மை மிகவும் அலைக்கழித்தது 1994 ஏப்ரல் 14இல் வட ஈராக்கில் நடந்தது. அமெரிக்காவின் இரண்டு எஃப்-15 விமானங்கள், அமெரிக்காவின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தின. உள்ளே இருந்த 26 பேரும் இறந்தனர். இதில் அவசரமில்லை, மேகமூட்டமில்லை, இருளில்லை. கருவியில் குறியீடு பொருந்தாததால், விதிப்படி அருகே பறந்து கண்ணால் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஈராக்கிடம் இருந்த உருசியாவின் 'ஹைண்ட்' என்றார்கள். ஹெலிகாப்டர்களில் அமெரிக்கக் கொடி வரையப்பட்டிருந்தது. பக்கவாட்டில் கூடுதல் எரிபொருள் தொட்டிகளைத் தாங்கும் சிறு இறக்கைகள் இருந்தன. ஹைண்டுக்கும் அப்படியான இறக்கை உண்டு. அந்த வானில் நம்மவர் எவரும் இல்லை என்ற எண்ணத்தோடு போனவர்களுக்கு அந்த ஓர் ஒற்றுமை போதுமானதாயிற்று, கொடி தெரியவில்லை. நம் வகுப்பில் ரஃபேலைப் பார்த்த மாணவரும் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது. செய்தித்தாள்களில் அந்தப் பெயரே நிறைந்திருக்கும் காலத்தில் வானத்தில் வேறு எதைக் காண்பது?

சரியாக அடையாளம் கண்டுவிட்டால் மட்டும் உயிர் பிழைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 1965 செப்டம்பர் 19 அன்று குசராத் முதல்வர் பல்வந்த்ராய் மேத்தாவை ஏற்றிச் சென்ற சிறு பீச்கிராஃப்ட் விமானத்தைப் பாகிஸ்தானின் சேபர் ஜெட் ஒன்று எல்லையருகே கண்டது. அது படை விமானமன்று, பயணி விமானம் என்று அதன் விமானி கைஸ் உசேன் கண்டுகொண்டார். கீழே தெரிவிக்கவும் செய்தார். வேவு பார்க்க வந்ததாயிருக்கும் என்று சுட ஆணை வந்தது. எண்மரும் மாண்டனர். 46 ஆண்டுகள் கழித்து, 2011இல், இறந்துபோன விமானி ஜகாங்கீர் எஞ்சினியரின் மகளுக்கு உசேன் வருத்தம் தெரிவித்து மடல் எழுதினார். கண் சரியாகத்தான் கண்டிருந்தது.

இந்திய வரைபடத்தை விரித்து, பெங்களூரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். சுமார் 450 கிலோமீட்டர் நீளும் அக்கோடு தருமபுரியை ஒட்டிச் சென்று, தஞ்சாவூரையும் ஒட்டிக் கடந்து, பாக் நீரிணையில் இறங்கும். விமானங்கள் கோடு போட்டபடி பறப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அக்கோட்டைப் பார்த்தபின் நம் ஊர் வானம் நமக்குப் பழைய வானமாக இல்லை. ஏனெனில் 1987 சூன் 4 பிற்பகலில், யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளைப் போடுவதற்காக ஐந்து அன்டனோவ்-32 விமானங்கள் பெங்களூரிலிருந்துதான் கிளம்பின. முந்தின நாள் கடல்வழி போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. வான்வழி போனவற்றுக்குக் காவலாக மிராஜ்-2000 போர் விமானங்கள் உடன் பறந்தன. அந்த நடவடிக்கைக்கு இட்ட பெயர் பூமாலை. பெயர் வைத்தவருக்குத் தொல்காப்பியம் நினைவிலிருந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

கீழே நின்றவர்கள் அப்பூவை எப்படி அறிவார்கள்? வடமராட்சியில் குண்டு விழத் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. இலங்கை வான்படையிடமும் இரட்டைச் சுழலி எஞ்சின் கொண்ட சரக்கு விமானங்கள் இருந்தன. அவற்றிலிருந்துதான் பீப்பாய்க் குண்டுகள் தள்ளப்பட்டன. இந்தியாவிலிருந்து வந்ததும் இரட்டைச் சுழலி எஞ்சின் கொண்ட சரக்கு விமானமே. குடை விரியும்வரை, விழுவது அரிசியா குண்டா என்று எந்த நிழலுருவும் சொல்லாது. இரண்டே மாதத்தில் இந்தியப் படை அமைதி காக்க அங்கே இறங்கியது. அக்டோபரில் அது போராக மாறியபோது, அதே மூவண்ண வட்டம் சூடிய ஹெலிகாப்டர்கள் யாழ்ப்பாணத்தின் மேல் சுட்டன. ஒரே பூ, ஓராண்டுக்குள் இரு பொருள்.

ஈழத் தமிழர் வானத்தைப் படிக்கத் தாமே ஓர் இலக்கணம் வகுத்துக்கொண்டார்கள். தமிழில் வேறெங்கும் அத்தகைய சொற்றொகுதி இல்லை. குண்டு போடும் சிறு விமானங்கள் 'பொம்மர்'. மெதுவாக வந்து பீப்பாய்களைத் தள்ளியவை 'சகடை'. 1991இல் சீனாவிலிருந்து வந்த ஜெட்டுகள் 'சுப்பர்சொனிக்'. அர்ஜென்டினாவிலிருந்து வந்தவை 'புக்காரா'. ஆளில்லாமல் சுற்றி வேவு பார்ப்பது 'வண்டு'. 1996 முதல் வந்தது 'கிபிர்'. இசுரேலிடமிருந்து வாங்கிய அவ்விமானத்தின் பெயருக்கு எபிரேய மொழியில் சிங்கக்குட்டி என்று பொருள். அதன் உடல் பிரான்சின் மிராஜ்-5இலிருந்து பிறந்தது. 1987இல் அரிசிக்குக் காவல் வந்த முக்கோணச் சிறகும், பின்னாளில் குண்டு கொண்டுவந்த முக்கோணச் சிறகும் ஒரே குலம். 2000இல் மிக்-27 விமானங்கள் சேர்ந்த பிறகும், நினைவுக்குறிப்புகள் பலவற்றில் 'கிபிர்' என்பதே எல்லாப் போர் ஜெட்டுக்கும் பொதுப்பெயராக வருவதைக் காணலாம்.

மேலிருந்து பார்த்தவர்களும் அடையாளம் கண்டதாகவே சொன்னார்கள். 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது குண்டு வீசப்பட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவியர் இறந்ததாகச் செய்தி வந்தது. புலிகளின் பயிற்சி முகாமைத்தான் தாக்கினோம் என்றது இலங்கை அரசு. சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து முதலுதவிப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் என்றது யுனிசெஃப். அத்தனை உயரத்திலிருந்து வெள்ளைச் சீருடை என்ன நிறத்தில் தெரியும் என்பதை, ஒன்றரை மீட்டர்க் கணக்கைப் போட்ட நமக்கு யோசிக்கவே இயலவில்லை.

தருமபுரி மாவட்டத்தின் அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் வாழும் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவரை, மாணவர் ஒருவரின் வீட்டுத் திருமணத்தில் சந்தித்தோம். பேச்சு எப்படியோ விமானத்துக்கு வந்தது. நாம் அறிந்த இறக்கை, எஞ்சின், உடல், வால் பாடத்தைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஆர் தம்பி நிமிர்ந்து பாத்தது? காதுதான். சகடை எண்டால் தூரத்திலயே இழுத்து இழுத்துக் கேக்கும், பங்கருக்குள்ள போக நேரம் இருக்கும். பிள்ளையளுக்குச் சட்டைகூடப் போடலாம். வண்டு சுத்தினால் பின்னால பெரிசு வருமெண்டு அர்த்தம். கிபிர் அப்பிடியில்லை. சத்தம் கேட்டு நிமிருறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். சத்தம் கேட்டுதெண்டால், அது உனக்கு விழேல்லை எண்டு அர்த்தம்."

பொறியியல் அறிந்தவர் இதில் பிழை காணலாம். நாம் காணவில்லை.

இங்கு வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் ஜெட்டின் ஓசை முதன்முறை கேட்ட நாளில், அணையோரம் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே குப்புற விழுந்துவிட்டாராம். சுற்றியிருந்த உள்ளூர்ப் பெண்கள் வலிப்பு வந்துவிட்டது என்று கையில் இரும்பைத் திணித்திருக்கிறார்கள். இது இந்தியாவின் விமானம், பயிற்சிக்குப் பறப்பது, ஒன்றும் செய்யாது என்று எல்லாரும் எடுத்துச் சொன்னார்கள். அவருக்கும் அது விளங்காமலில்லை. 1987இல் அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். இந்தியாவின் விமானம் அரிசி போட்டதையும் பார்த்தார், அதன்பின் நடந்ததையும் பார்த்தார்.

இப்போது பழகிவிட்டதா என்று கேட்டதற்கு, பழகிவிட்டது என்றார். ஓசை வந்ததும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, மனத்துக்குள் இருபது எண்ணுவாராம். எண்ணி முடியும் வரை ஒன்றும் நடக்கவில்லையென்றால், விட்ட இடத்திலிருந்து அரிசி புடைப்பாராம்.